மௌனம் சம்மதமா? கடனட்டைக் கூற்றில் வரும் அறியாத சந்தாக்களின் வரலாறு

கடனட்டை வைத்திருப்பவர்களில் பலர் மாத முடிவில் வரும் கூற்றில் இரண்டு விடயங்களை மாத்திரமே பார்க்கின்றனர். செலுத்தவேண்டிய தொகை எவ்வளவு, செலுத்தவேண்டிய இறுதித் திகதி எது என்பனவே அவை. இவ்விரண்டுக்கும் இடையில் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக வாசிப்போர் குறைவு. அவ்வரிகளுக்குள்ளே, தாம் அறியாத பெயரில், மாதந்தோறும் ஒரே அளவான சிறுதொகை கழிக்கப்பட்டு வருவதைப் பல மாதங்களின் பின்னரே கண்டுகொள்வோர் கொழும்பிலும் உள்ளனர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ளனர்.

இதனை இணையம் கொண்டுவந்த புதிய தொல்லை என்றே பலர் கருதுகின்றனர். ஆனால், இதன் வேர் நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. "மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று நம்மவர்கள் திருமணப் பேச்சில் சொல்லும் வார்த்தையை வியாபார விதியாக மாற்றியவர்களின் வரலாறு ஒருபுறமும், அந்த விதியை முறியடிக்கச் சட்டம் இயற்றியவர்களின் வரலாறு மறுபுறமுமாக இது அமைந்துள்ளது. இவ்விரண்டையும் அறிந்திருந்தால், கூற்றில் உள்ள அந்த அறியாத வரியை எவ்வாறு எதிர்கொள்வது என்பதும் தெளிவாகும்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் சந்தா என்ற சொல்லின் நடைமுறை வேறாக இருந்தது. வாசகர் காசுக்கட்டளையிலோ காசோலையிலோ ஆறு மாதத்திற்கான அல்லது ஓராண்டிற்கான பணத்தை அனுப்புவார். காலம் முடிவடையும்போது, "உங்கள் சந்தா இவ்விதழுடன் நிறைவடைகிறது" என்ற சிறு துண்டுச்சீட்டு இதழினுள் வைக்கப்படும். வாசகர் மீண்டும் பணம் அனுப்பினால் இதழ் போகும், அனுப்பாவிட்டால் நின்றுவிடும். வாசகரின் மௌனத்திற்கு 'வேண்டாம்' என்பதே பொருள். இன்றைய சந்தாவில் அதே மௌனத்திற்கு 'வேண்டும்' என்று பொருள் கொள்ளப்படுகின்றது. சொல் ஒன்றுதான், ஆயினும் முயற்சி எடுக்கவேண்டியவர் யார் என்பது தலைகீழாகிவிட்டது.

இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பெரிய அளவில் வெற்றிகரமாகச் செய்துகாட்டியது ஒரு புத்தக நிறுவனம் என்பது வியப்புக்குரியது. 1926 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஹரி ஷேர்மன் என்பவரும் அவரது கூட்டாளிகளும் 'புக் ஒவ் த மன்த் கிளப்' என்ற மாதாந்தப் புத்தகக் கழகத்தை ஆரம்பித்தனர். தேர்வுக்குழு ஒன்று மாதம் ஒரு நூலைத் தெரிவுசெய்யும். அது தபால் மூலம் அங்கத்தவர்களின் வீடு தேடி வரும். முதலாவது நூலாக சில்வியா டவுன்சென்ட் வார்னரின் 'லொலி வில்லோஸ்' என்ற நாவல் ஏறத்தாழ 4,750 அங்கத்தவர்களுக்கு அனுப்பப்பட்டது. பிடிக்காத நூலைத் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆரம்ப ஏற்பாடு. திரும்பிவந்த நூல்கள் குவியத் தொடங்கியதும் கழகம் வேறொரு வழியைக் கையாண்டது. அடுத்த மாத நூல் எது என்பதை முன்கூட்டியே அறிவித்து, 'வேண்டாம்' என்று குறித்த திகதிக்குள் எழுதி அனுப்பாதவர்களுக்கெல்லாம் நூலையும் விலைச்சீட்டையும் அனுப்பியது. சோம்பலும் மறதியும் அன்றிலிருந்து வியாபாரத்தின் முதலீடுகளாகின.

இம்முறையைப் பின்னர் இசைத்தட்டுக் கழகங்களும் வேறு பல நிறுவனங்களும் பின்பற்றின. முறைப்பாடுகள் பெருகியதன் விளைவாக அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 1973 ஆம் ஆண்டு இதற்கென ஒரு விதியை வகுத்தது. நிபந்தனைகளைத் தெளிவாகக் கூறவேண்டும் என்றும், 'வேண்டாம்' என்று பதிலளிப்பதற்கு அங்கத்தவருக்குக் குறைந்தது 10 நாட்கள் இருக்கவேண்டும் என்றும் அது விதித்தது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் முறை தடைசெய்யப்படவில்லை. அதற்கு வேலி மாத்திரமே போடப்பட்டது. அக்காலத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு பாதுகாப்பும் இருந்தது. பணம் அவரது கையில் இருந்தது. நூல் வந்தாலும் காசோலையில் அவர் கையெழுத்திட்டால்தான் பணம் போகும். அந்தப் பாதுகாப்பை அகற்றியது கடனட்டை.

கடனட்டையின் வரலாறும் ஏறத்தாழ இதே காலகட்டத்திலேயே விரிகின்றது. 1950 இல் பிராங்க் மக்நமாராவும் ரால்ப் ஷ்னைடரும் நியூயோர்க்கில் ஆரம்பித்த டைனர்ஸ் கிளப் அட்டை, உணவகங்களில் மாதக் கணக்கு வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடாகவே தொடங்கியது. 1958 செப்டெம்பரில் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே, பாவனைக்குத் தயாரான கடனட்டைகளைத் தபாலில் அனுப்பியது. 1976 இல் விசா என்று பெயர் மாறிய அட்டையின் பிறப்பு அதுவே. இங்கும் மௌனம் சம்மதமாகவே கொள்ளப்பட்டது. மக்கள் விண்ணப்பிக்கவில்லை, ஆயினும் அட்டை வந்தது. அட்டைகள் தபாலில் திருடப்பட்டன, கடன்கள் திரும்பிவரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வங்கிக்கு மில்லியன் கணக்கான டொலர் நட்டம் ஏற்பட்டது.

அதிலிருந்து ஏனைய வங்கிகள் பாடம் கற்கவில்லை. 1966 இன் இறுதியில் சிக்காகோ வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறத்தாழ 5 மில்லியன் அட்டைகளைத் தபாலில் அனுப்பின. குழந்தைகளின் பெயருக்கும் இறந்தவர்களின் பெயருக்கும் அட்டைகள் சென்றன. கண்ணால் கூடக் காணாத அட்டையில் யாரோ வாங்கிய பொருட்களுக்கான கணக்குகள் அப்பாவிகளின் வீடுகளுக்கு வந்துசேர்ந்தன. 'நான் வாங்கவில்லை' என்று நிரூபிக்கவேண்டிய சுமை அவர்களின் தலையிலேயே விழுந்தது. இந்த அனுபவமே சட்டத்தைக் கொண்டுவந்தது. 1970 ஒக்டோபரில் ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்ட சட்டம், கேட்காதவர்களுக்குக் கடனட்டை அனுப்புவதைத் தடைசெய்தது. தொலைந்த அல்லது திருடப்பட்ட கடனட்டையைப் பிறர் பயன்படுத்தினால் உரிமையாளரின் பொறுப்பு 50 டொலருக்கு மேற்படாது என்றும் அது வரையறுத்தது.

எனினும், பிழையான கணக்குகள் நின்றபாடில்லை. இதற்குக் காரணமான ஒரு மாற்றத்தை இங்கு குறிப்பிடவேண்டும். ஆரம்ப காலக் கடனட்டைக் கூற்றுகளுடன், வாடிக்கையாளர் கையொப்பமிட்ட ஒவ்வொரு விற்பனைச் சிட்டையின் பிரதியும் இணைக்கப்பட்டு வந்தது. கனவான்களின் கழகங்கள், அங்கத்தவர்கள் கையெழுத்திட்ட சிட்டைகளை மாத முடிவில் தொகுத்து அனுப்புவதைப் போன்றிருந்தமையால் வங்கியாளர்கள் அதனைக் 'கழகக் கணக்கு முறை' என்ற பொருளில் அழைத்தனர். கொழும்பிலும் மலைநாட்டிலும் வெள்ளைக்காரத் துரைமார் தமது கழகங்களில் சிட்டையில் கையெழுத்திட்டுக் குடித்த கதைகளைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூற்றைப் பெறுபவர் தமது கையெழுத்தைத் தாமே பார்த்து, 'ஆம், இது நான் வாங்கியது' என்று உறுதிசெய்துகொள்ளலாம்.

கடனட்டைப் பாவனை பெருகியபோது இத்தனை சிட்டைகளை நாடெங்கும் அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. 1970 களில் வங்கிகள் படிப்படியாகச் சிட்டைகளை நிறுத்திவிட்டு, திகதி, வர்த்தகரின் பெயர், ஊர், தொகை என ஒரே வரியில் கணினி அச்சிட்ட விபரத்தை மாத்திரம் அனுப்பத் தொடங்கின. 'அறியாத வரி' என்ற பிரச்சினை பிறந்தது அப்பொழுதே. கையெழுத்து போய், பெயர் மாத்திரம் மிஞ்சியது. அந்தப் பெயரும் பல வேளைகளில் கடைப்பலகையில் உள்ள பெயராக இருப்பதில்லை.

காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. வங்கிகளுக்கிடையில் அட்டைக் கொடுக்கல் வாங்கல் செய்திகள் பயணிப்பதற்கு 1987 இல் வெளியான ஒரு சர்வதேச நியமம் உள்ளது. அதில் வர்த்தகரின் பெயர், ஊர், நாடு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்ட இடம் 40 எழுத்துகள் மாத்திரமே. ஆகையால் பெயர்கள் வெட்டிச் சுருக்கப்படுகின்றன. செயலியின் பெயருக்குப் பதிலாக அதன் தாய்க் கம்பனியின் பதிவுப் பெயர் வரலாம். பணம் பெற்றுக்கொடுக்கும் இடைத்தரகு நிறுவனத்தின் பெயர் வரலாம். கம்பனி பதிவுசெய்யப்பட்ட ஏதோவொரு தூரதேசத்து நகரத்தின் பெயரும் வரலாம்.

மீண்டும் 1970 களுக்கு வருவோம். கணினிக் கணக்குப் பிழையென எழுதிய கடிதங்களுக்குப் பதில் கிடையாது. மாறாக, அடுத்த மாதம் வட்டியுடன் எச்சரிக்கை வரும். விஸ்கொன்சின் மாநிலத்தின் செனற்றர் வில்லியம் பிரொக்ஸ்மயர் இதற்கு எதிராகத் தொடர்ந்து குரல்கொடுத்தவர்களில் முக்கியமானவர். 1974 ஒக்டோபர் 28 இல் ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் கையொப்பமிட்ட நியாயமான கடன் கணக்கீட்டுச் சட்டம் ஓராண்டின் பின்னர் நடைமுறைக்கு வந்தது. பிழையான வரியைக் கண்டவர், அது இடம்பெற்ற முதலாவது கூற்று அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அட்டையை வழங்கிய நிறுவனம் 30 நாட்களுக்குள் அக்கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டு கணக்குச் சுற்றுகளுக்குள், எப்படியாயினும் 90 நாட்களுக்கு மேற்படாமல், விசாரித்து முடிவு கூறவேண்டும். அதுவரை சர்ச்சைக்குரிய தொகையை வசூலிக்கவோ, வாடிக்கையாளரைக் கடன் செலுத்தாதவர் என்று பிறருக்கு அறிவிக்கவோ கூடாது.

இச்சட்டத்தின் பெருமை அதன் 60 நாள், 90 நாள் கணக்குகளில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. சாதாரண மனிதர் எழுதும் ஒரு கடிதம் பெரும் வங்கியைப் பதில் சொல்லவைக்கின்றது. விசாரிக்கவேண்டிய கடமை வங்கிக்கு மாறுகின்றது. அதேவேளை, கடிதம் எழுதாதவருக்கு இச்சட்டத்தில் எதுவுமில்லை. அங்கே மௌனம் மீண்டும் சம்மதமாகிவிடுகின்றது.

அதே 1974 ஆம் ஆண்டு பிரித்தானியாவும் தனது நுகர்வோர் கடன் சட்டத்தை இயற்றியது. அதன் 75 ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளையோ சேவையையோ கடனட்டையில் வாங்கியவருக்கு, விற்றவரின் குறைபாட்டுக்கு அட்டை வழங்கிய நிறுவனத்தையும் பொறுப்பாக்குகின்றது. ஆனால் மாதம் 8 பவுண், 10 பவுண் என்று கழிக்கப்படும் சிறு சந்தாக்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வருவதில்லை. அவற்றுக்கு விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்புகளின் உள்விதிகளின்படி வங்கியானது வர்த்தகரின் வங்கியிடமிருந்து பணத்தை மீளப்பெறும் முறையே கைகொடுக்கின்றது. வங்கி வட்டாரத்தில் இதனைச் 'சார்ஜ்பேக்' என்பர்.

இணையம் வந்ததும் புத்தகக் கழகத்தின் பழைய உத்தியும் கடனட்டையும் ஒன்றிணைந்தன. அட்டை இலக்கத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால், அதன் பின்னர் ஒவ்வொரு மாதமும் பணத்தைக் கேட்பவர் வர்த்தகரே. வாடிக்கையாளர் எதனையும் செய்யவேண்டியதில்லை. 2009 இல் அமெரிக்க செனற் சபையின் வர்த்தகக் குழு நடத்திய விசாரணை இதன் மிக மோசமான வடிவத்தை வெளிக்கொணர்ந்தது. இணையக் கடையொன்றில் பொருள் வாங்கி முடிக்கும் தறுவாயில் 'கழிவு தருகிறோம்' என்று ஒரு விளம்பரம் தோன்றும். அதனை அழுத்தியவரின் அட்டை இலக்கத்தை அக்கடையே மூன்றாவது கம்பனிக்குக் கைமாற்றிவிடும். இவ்வாறான சந்தாக்களின் மூலம் அமெரிக்க நுகர்வோரிடம் 1.4 பில்லியன் டொலருக்கு மேல் அறவிடப்பட்டதாகக் குழு கண்டறிந்தது. 2010 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் இந்தக் கைமாற்றத்தைத் தடைசெய்ததுடன், சந்தாவை நிறுத்துவதற்கு எளிய வழி இருக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டது.

'எளிய வழி' எது என்பதில் போராட்டம் தொடர்கின்றது. ஜேர்மனி 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் செய்யப்படும் தொடர் சேவைகளுக்கு அதே இணையத்தளத்தில் ரத்துச்செய்யும் பொத்தான் இருக்கவேண்டும் என்று விதித்தது. இந்திய ரிசேர்வ் வங்கியின் விதிகளின்படி, 2021 ஒக்டோபர் முதல், அட்டையிலிருந்து தொடர்ச்சியாகக் கழிக்கப்படும் தொகை குறித்துக் குறைந்தது 24 மணித்தியாலங்களுக்கு முன்னர் வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டும். அமெரிக்காவில் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் இவ்வாறான ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆனால் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில், அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், நடைமுறைத் தவறைக் காரணங்காட்டி அதனை நீக்கியது. இருப்பினும் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் உயிருடன் இருந்தது. அதனை முக்கிய ஆதாரமாகக் கொண்டு தொடுக்கப்பட்ட வழக்கில் அமேசன் நிறுவனம் 2025 செப்டெம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2.5 பில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. அதில் 1.5 பில்லியன் டொலர் வாடிக்கையாளர்களுக்கானது. சந்தாவை நிறுத்துவதற்கான நீண்ட நடைமுறைக்கு அந்நிறுவனத்தினுள் 'இலியட்' என்று பெயரிட்டிருந்தனர் என்று ஆணைக்குழு தனது முறைப்பாட்டில் கூறியது. பத்தாண்டு கால முற்றுகையைப் பாடிய ஹோமரின் காவியத்தின் பெயர் அது.

இவ்வளவையும் நான் தேடிப் படிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான எனது நண்பர் ஒருவர் வெள்ளவத்தையில் வசிக்கிறார். அவரது கூற்றில் மாதம் 9.99 டொலர் வீதம் பதினான்கு மாதங்கள் ஏதோவொரு வெளிநாட்டுப் பெயருக்குச் சென்றிருந்தது. "அது வங்கி எடுக்கிற கட்டணம் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன், ஐசே" என்றார். பேரப்பிள்ளை வந்திருந்தபோது அவரது கைத்தொலைபேசியில் ஏழு நாள் இலவசமாக இறக்கிய விளையாட்டுச் செயலியே அது. விற்றவர்களுக்கு எழுதியதும் கடைசி மூன்று மாதப் பணத்தைத் திருப்பித் தந்தனர். ஏனைய மாதங்களுக்கான பணத்தைக் கேட்பதற்குக் காலம் கடந்துவிட்டது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு 109.89 டொலர் சிறுதொகை அன்று. முதலாவது மாதமே அந்த வரியை வாசித்திருந்தால் ஒரு மாதத்துடன் விடயம் முடிந்திருக்கும்.

ஆகவே, அறியாத வரியைக் கண்டால் முதலில் அது மூன்றில் எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். நாமோ நமது குடும்பத்தவரோ செய்துகொண்ட சந்தா வேறொரு பெயரில் வந்திருக்கலாம். நாம் நிறுத்திய பின்னரும் அறவிடப்பட்டதாகவோ, நிபந்தனையை மறைத்துப் பெறப்பட்டதாகவோ இருக்கலாம். அல்லது நமது அட்டை இலக்கத்தைத் திருடியவரின் வேலையாக இருக்கலாம். திருடர்கள் பெரிய தொகையை எடுப்பதற்கு முன்னர் ஒரு டொலர், இரண்டு டொலர் எடுத்து அட்டை உயிருடன் இருக்கின்றதா என்று சோதிப்பதுண்டு. ஆதலால் சிறுதொகை என்று அலட்சியம் செய்தல் ஆகாது.

முதலாவது வகையாயின், விற்றவரிடமே சந்தாவை நிறுத்தி, நிறுத்தியதற்கான மின்னஞ்சலைப் பாதுகாத்துக்கொண்டு, பணத்தைக் கேட்கவேண்டும். நாமே ஒப்புக்கொண்ட சந்தாவை 'இது எனதன்று' என்று வங்கிக்குக் கூறுவது பொய் முறைப்பாடு. விற்றவர் ஆதாரம் காட்டினால் முறைப்பாடு தோற்றுவிடும். இரண்டாவது வகையாயின், நிறுத்திய திகதிக்கான சான்றுடன் வங்கிக்கு எழுதவேண்டும். மூன்றாவது வகையாயின், அந்த நிமிடமே வங்கிக்குத் தொலைபேசியில் அறிவித்து அட்டையை முடக்கவேண்டும்; பின்னர் அதனை எழுத்திலும் உறுதிப்படுத்தவேண்டும். அட்டையை மாற்றிவிட்டால் சந்தா தானாக நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. புதிய அட்டை இலக்கத்தைப் பதிவுபெற்ற வர்த்தகர்களுக்குத் தெரிவிக்கும் சேவையை அட்டை வலையமைப்புகளே நடத்துகின்றன. எனவே சந்தாவை அதன் ஊற்றிலேயே நிறுத்தவேண்டும்.

பற்று அட்டைக்குச் சட்டம் வேறு. பணம் ஏற்கனவே நமது கணக்கிலிருந்து போய்விடுவதால் தாமதத்தின் விலையும் அதிகம். அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டின் இலத்திரனியல் பணமாற்றச் சட்டத்தின்படி, அட்டை தொலைந்ததையோ களவுபோனதையோ அறிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவித்தால் பொறுப்பு 50 டொலர். தாமதித்தால் 500 டொலர் வரை உயரலாம். இலங்கையில் உள்ளவர்கள் முதலில் தமது வங்கிக்கு எழுத்தில் முறையிடவேண்டும். திருப்தியான பதில் கிடைக்காவிடின் மத்திய வங்கியை நாடலாம். நிதிச்சேவை நுகர்வோரின் முறைப்பாடுகளைக் கவனிப்பதற்கென மத்திய வங்கியில் 2020 இல் தனித் திணைக்களம் அமைக்கப்பட்டது. 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வெளியாகின.

1926 இல் புத்தகக் கழகம் கேட்டதும் ஒரு கடிதமே. 1974 இல் சட்டம் கேட்டதும் ஒரு கடிதமே. ஒன்று அக்கடிதம் எழுதப்படாது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட வியாபாரம். மற்றையது அக்கடிதம் எழுதப்படும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட நீதி. அடுத்த கூற்று வரும்போது அதன் எல்லா வரிகளையும் வாசியுங்கள். அறியாத பெயரொன்று இருப்பின் அன்றைக்கே எழுதுங்கள். திகதியிட்டு ஒரு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.